‘பூமியின் உப்பை’க் கண்டு நடுங்கியவர்கள் யார்?

“தொழிலாளியின் கதையைப் படமாக எடுத்தால் எவன் பார்ப்பான்? அது வெறும் பிரசாரம், கலையல்ல. பாடுபட்டுக் களைத்து வருகிற ஜனங்களுக்கு வேண்டியது ஆட்டமும் பாட்டும் சண்டையும்தான்!”

இப்படிப் பேசும் பேர்வழிகளை நமக்கு நன்றாகத் தெரியும். பட முதலாளி இதைச் சொல்கிறார். அவருடைய விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் பத்திரிகையின் விமர்சகரும் இதையே சொல்கிறார். கேட்டுக் கேட்டு நம் சங்கத்துத் தோழர்களிலும் சிலர் “வாஸ்தவம்தானே?” என்று தலையாட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த மேதாவிகளிடம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். தொழிலாளியின் கதையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால், அப்படி ஒரு படத்தை யாரும் பார்த்துவிடாதபடி தடுக்க அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் சபை அங்கத்தினரும், குடியேற்ற இலாகா அதிகாரிகளும், ஹாலிவுட் கோடீசுவரர்களும் ஒன்றுகூடி ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள்? விலைபோகாத சரக்கென்றால் தானாகவே அழுகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானே?

அந்தப் படத்தின் பெயர் ‘சால்ட் ஆஃப் தி எர்த்’. தமிழில் சொன்னால் ‘பூமியின் உப்பு’. 1954-ல் வெளிவந்தது. ஆலையில் நூற்பவனும் வயலில் நாற்று நடுகிறவளும் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது. படத்துக்குள் இருப்பது ஒரு கதை, படத்துக்கு நேர்ந்தது இன்னொரு கதை. இரண்டையும் சொல்கிறோம்.

சுரங்கத்தில் நடந்தது

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ என்ற ராஜ்யம் இருக்கிறது. அங்கே கிராண்ட் கவுண்டி என்னும் ஜில்லாவில் எம்பயர் சிங்க் கம்பெனியின் துத்தநாகச் சுரங்கம் இருந்தது. சுரங்கத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைத்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். பல குடும்பங்களுக்கு அந்த மண் பாட்டன் பூட்டன் காலத்து மண். அமெரிக்கக் கொடி அங்கே பறப்பதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். ஆனால் சொந்த மண்ணிலேயே இரண்டாந்தரப் பிரஜைகள்.

அந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு ஒரு சம்பள வரிசை, மெக்சிகோ தொழிலாளிக்கு வேறு வரிசை. சினிமாக் கொட்டகையில் உட்காருவதற்கும் தனித்தனி இடம். கம்பெனி கட்டிக் கொடுத்த வெள்ளையர் வீடுகளில் குழாய் இருந்தது, வெந்நீர் வந்தது. மெக்சிகோ தொழிலாளியின் மனைவியோ விறகு பிளந்து, நீர் காய்ச்சி, வெளியே இருக்கும் கழிப்பிடத்துக்கு நடந்து காலம் தள்ள வேண்டும். உழைப்பவர்களைத் தோலின் நிறத்தால் பிரித்து வைத்தால் இரு பக்கத்தையும் மலிவாக வாங்கலாம் என்பது முதலாளியின் கணக்கு. அந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. இங்கே அதற்குச் சாதி என்று பெயர்.

1950 அக்டோபர் 17-ம் தேதி சுமார் 140 தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சங்கம், சுரங்க – உலோகத் தொழிலாளர் சங்கத்தின் 890-வது கிளை. என்ன பெரிய ராஜ்யத்தைக் கேட்டார்கள்? சுரங்க வாயிலில் இறங்கியது முதல் திரும்ப வாயிலுக்கு ஏறி வரும் வரை உள்ள நேரம் அத்தனைக்கும் கூலி கேட்டார்கள். சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களைக் கேட்டார்கள். பக்கத்துச் சுரங்கங்களில் ஏற்கெனவே கொடுத்து வந்ததைத்தான் கேட்டார்கள்.

கம்பெனி மறுத்தது. எட்டு மாதம் ஓடியது. மறியல் கலையவில்லை.

கோர்ட்டுக்குப் பெண்கள் சொன்ன பதில்

எட்டு மாதமாகக் கம்பெனியால் ஆகாத காரியத்தை 1951 ஜூனில் கோர்ட் செய்ய வந்தது. வேலை நிறுத்தம் செய்யும் தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாது என்று தடை உத்தரவு! மீறினால் சிறை. கீழ்ப்படிந்தால் மறுநாள் காலையில் கருங்காலிகள் சுரங்கத்தில் இறங்குவார்கள், போராட்டம் முடிந்துவிடும். முதலாளிக்குச் சட்டம் எத்தனை சுளுவாகக் கைகொடுக்கிறது பார்த்தீர்களா?

சங்கக் கூட்டம் நள்ளிரவைத் தாண்டி நடந்தது. அங்கேதான் பெண்கள் எழுந்தார்கள். தடை யாருக்கு? வேலை நிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கு. நாங்கள் கம்பெனியின் தொழிலாளிகள் அல்லவே! எங்கள் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது? ஆகவே நாங்கள் மறியல் செய்கிறோம் என்றார்கள். ஆண்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. வாதம் வலுத்தது, ஓட்டெடுப்பு நடந்தது, பெண்கள் வென்றார்கள். ஜூன் 13-ம் தேதி முதல் மறியல் வரிசை பெண்களுடையது.

ஷெரீப்பின் ஆட்கள் கண்ணீர்ப் புகை வீசினார்கள். கார்களை வரிசைக்குள் ஓட்டினார்கள். பெண்களும் குழந்தைகளுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் சிறையில் தள்ளினார்கள். உள்ளே போனவர்களின் இடத்துக்கு வேறு பெண்கள் வந்து நின்றார்கள். ஏழு மாதம் அந்த வரிசை உடையவில்லை. 1952 ஜனவரியில், பதினைந்து மாதம் கழித்து, கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. கேட்டது அத்தனையும் கிடைத்துவிடவில்லை. சங்கத் தலைவர்கள் மீது சிறைத் தண்டனையும் சங்கத்தின் மீது அபராதமும் விழுந்தன. ஆனால் கூலி உயர்ந்தது. பிறகு அந்த வீடுகளுக்கு வெந்நீர்க் குழாயும் வந்தது.

இதுதான் நடந்தது. இதில் எந்தக் கதாநாயகன் இருக்கிறான்? யார் பெயரைப் போஸ்டரில் பெரிய எழுத்தில் போடுவது?

படம் பிறந்த விதம்

அந்த நாட்களில் அமெரிக்காவில் சிவப்பு வேட்டை தலைவிரித்தாடியது. ஹாலிவுட்டைச் சேர்ந்த பத்துப் பேர், தங்கள் அரசியல் கருத்து என்னவென்று 1947-ல் காங்கிரஸ் கமிட்டியின் முன்னால் சொல்ல மறுத்ததற்காகப் பின்னர் சிறை சென்றார்கள். அவர்களில் ஒருவர் டைரக்டர் ஹெர்பர்ட் பைபர்மன். ஆறு மாதத் தண்டனை பெற்று வெளியே வந்தவருக்கு எந்தப் பட முதலாளியும் வேலை கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் பால் ஜாரிகோவும், கதாசிரியர் மைக்கேல் வில்சனும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்களே. வேலையில்லாத இந்த மூவரும் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சென்றார்கள்.

வில்சன் நேரே மறியல் நடந்த இடத்துக்குப் போய்த் தங்கினார். கதையை எழுதினார். எழுதியதும் ஹாலிவுட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடவில்லை. தொழிலாளர் குடும்பங்களைக் கூட்டிவைத்துப் படித்துக் காட்டினார். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கதாநாயகன் வேறொரு பெண்ணுடன் தொடர்பு வைத்திருப்பதாக ஒரு கட்டம் இருந்தது. நீக்குங்கள் என்றார்கள். கடைசிச் சம்பளத்தில் அவன் விஸ்கி வாங்குவதாக ஒரு கட்டம். அதையும் நீக்குங்கள் என்றார்கள். எங்களைக் குடிகாரர்களாகவும் ஒழுக்கம் கெட்டவர்களாகவும்தானே எப்போதும் காட்டுகிறீர்கள், எங்கள் படத்திலுமா என்று கேட்டார்கள். வில்சன் நீக்கினார், திருத்தினார், மறுபடியும் படித்துக் காட்டினார்.

ஆஸ்கார் பரிசு வாங்கிய கதாசிரியரின் எழுத்தைச் சுரங்கக்காரனும் அவன் மனைவியும் திருத்தினார்கள்! சினிமாவின் சரித்திரத்தில் இப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது?

நடிகர்கள் விஷயமும் அப்படியே. டைரக்டரின் மனைவி கேல் சாண்டர்கார்டும் ஆஸ்கார் பெற்ற நடிகை. கதாநாயகி வேடம் முதலில் அவருக்கென்றுதான் நினைக்கப்பட்டது. மெக்சிகோ பெண்ணின் வேடத்தை வெள்ளைக்காரி போடுவது தகாது என்று உணர்ந்து அதை மாற்றினார்கள். மெக்சிகோவிலிருந்து ரொசவுரா ரெவுவெல்தாஸ் என்ற நடிகை வந்தார். கதாநாயகன் ராமோனாக நடித்தவர் ஹுவான் சக்கோன், 890-வது கிளையின் தலைவர்! தொழில்முறை நடிகர்கள் மொத்தம் ஐந்தே பேர். மற்றவர்கள் எல்லோரும் மறியலில் நின்ற அதே ஆண்கள், சிறை சென்ற அதே பெண்கள்.

நடுங்கியவர்களின் ஜாபிதா

1953 தொடக்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. உடனே கூச்சல் கிளம்பியது.

டொனால்டு ஜாக்சன் என்ற காங்கிரஸ் அங்கத்தினர் பிப்ரவரியில் சபையிலேயே எழுந்து, இந்தப் படம் இனப் பகையை மூட்டுகிறது என்று முழங்கினார். இனத்தால் பிரித்துச் சம்பளம் கொடுத்தவன் இனப் பகையை மூட்டவில்லையாம். அதைப் படம் பிடித்தவன் மூட்டிவிட்டானாம்! ஹாலிவுட் கோடீசுவரர் ஹோவர்டு ஹியூஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். படச்சுருளைக் கழுவும் லாபரட்டரியும், ஒலி சேர்க்கும் நிலையமும், பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பும் வழியும் என்று எந்தெந்தக் கதவை அடைத்தால் படம் சாகும் என்பதை வரிசையாக விளக்கினார். கழுத்தை நெரிக்க எந்த நரம்பைப் பிடிக்க வேண்டுமென்று வைத்தியம் சொல்வதைப் போல!

குடியேற்ற இலாகா அதிகாரிகள் படப்பிடிப்பின் நடுவே ரொசவுராவைக் கைது செய்தார்கள். குற்றம் என்ன? பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இல்லையாம். அவர் மெக்சிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது. மீதிக் காட்சிகளில் சிலவற்றை மெக்சிகோவில் மறைமுகமாக எடுத்துச் சேர்த்தார்கள். அமெரிக்கப் படம் எதிலும் அவர் மறுபடி நடிக்க முடியவில்லை. படப்பிடிப்பு நடந்த ஊரில் குண்டர்கள் கூடிப் படக்குழுவை ஊரை விட்டு ஓடச் சொல்லிக் கெடு வைத்தார்கள். படத்திலும் நடித்த சங்க அமைப்பாளர் கிளின்டன் ஜெங்க்ஸ், ‘நான் கம்யூனிஸ்ட் அல்ல’ என்று பொய்யாக எழுதிக் கொடுத்தார் என வழக்குப் போட்டு 1954-ல் ஐந்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். சாட்சி சொன்னவனே 1955-ல் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான். 1957-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

இந்த ஜாபிதாவில் வெட்கப்பட வேண்டிய இன்னொரு பெயரும் உண்டு. சினிமாத் தொழிலாளர்களின் சங்கமே முதலாளி பக்கம் நின்றது. ராய் பிரூவர் என்ற அதன் ஹாலிவுட் தலைவர், படம் எடுக்கத் தம் சங்கத்து ஆட்களைத் தர மறுத்தார். கொட்டகைகளில் படம் ஓட்டும் ஆபரேட்டர்களும் அந்தச் சங்கத்தவர்களே. ஓட்ட மறுத்தார்கள். தொழிலாளியின் கதையைத் தொழிலாளியின் கையாலேயே இருட்டடிப்புச் செய்தார்கள். தலைமை முதலாளியின் சட்டைப்பைக்குள் போய்விட்டால் சங்கம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

1954 மார்ச் 14-ல் நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. நாடெங்கும் இருந்த ஆயிரக்கணக்கான கொட்டகைகளில் ஒரு டஜன் சொச்சம்தான் அதைத் திரையிட்டன. அதே ஆண்டு செக்கோஸ்லோவாகியாவில் நடந்த கார்லோவி வாரி திரைப்பட விழாவில் அதற்கு முதற்பரிசு! கூட்டுச் சதி செய்து படத்தை அமுக்கினார்கள் என்று தயாரித்தவர்கள் தொடுத்த வழக்கும் 1964-ல் தோற்றது. பிறகு 1992-ல், நாடு பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அமெரிக்க சர்க்காரின் காங்கிரஸ் நூலகமே இதைச் சேர்த்தது. உயிரோடு இருந்தபோது கழுத்தை நெரித்தார்கள். நாற்பதாண்டு ஆகும் தறுவாயில் மாலை போடுகிறார்கள். மாலை போட்ட கைகளிலிருந்து நெரித்த கறை போய்விடுமா?

‘பிரசாரம்’ என்றால் என்ன?

பாலின் கேல் என்ற பிரபல விமர்சகி 1954-லேயே இதைக் கம்யூனிஸ்ட் பிரசாரம் என்று எழுதிவிட்டார். இன்றும் அதைத் திருப்பிச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் பதில் சொல்கிறோம்.

படத்தில் வரும் தடை உத்தரவு பொய்யா? கண்ணீர்ப் புகை பொய்யா? குழந்தையோடு சிறையில் கிடந்த பெண்கள் பொய்யா? அவர்களே அல்லவா திரையில் நிற்கிறார்கள்! ஒரு வித்தியாசம் உண்டு, மறைக்க மாட்டோம். படத்தின் முடிவில் ஷெரீப்பின் ஆட்கள் ராமோன் வீட்டுச் சாமான்களை வெளியே எறிகிறார்கள். ஊரே திரண்டு வந்து, ஒரு பக்கம் அவர்கள் வெளியே கொண்டுவர, இன்னொரு பக்கம் வீட்டுக்குள் எடுத்துச் செல்கிறது. கூட்டத்தைக் கண்டு ஷெரீப் திரும்பிப் போகிறான். நிஜத்தில் வேலை நிறுத்தம் பேச்சுவார்த்தையில் ஒப்பந்தமாகி முடிந்தது. பதினைந்து மாத ஒற்றுமையை ஒரு காட்சியில் திரட்டிக் காட்டினார் கதாசிரியர். பாலைக் காய்ச்சித் திரட்டினால் அது பால் இல்லை என்றாகிவிடுமா?

ஒரே ஆள் நூறு பேரை அடித்து வீழ்த்துகிறான், பிறகு அந்த ஊர் ஜனங்கள் அவன் காலில் விழுகிறார்கள் — அதற்குப் பிரசாரம் என்று பெயரில்லையாம், பொழுதுபோக்காம்! தம்பி, அதுவும் பிரசாரம்தான். ‘உன்னால் ஒன்றும் ஆகாது, உனக்காக ஒருவன் வருவான், அதுவரை கைகட்டிக் காத்திரு’ என்ற பிரசாரம். முதலாளிக்கு அதைவிடச் சகாயமான போதனை வேறெதுவும் இல்லை.

நீர் வற்றிய கிணற்றில் விழுந்த குழந்தையை ஒருவன் காப்பாற்றினால் அதைப் படமாக எடுக்கப் பணம் கிடைக்கும். அது வீரம்தான், நாம் வணங்குகிறோம். அந்தக் கிணற்றை மூடாமல் விட்டவன் யார் என்று அந்தப் படம் கேட்டுவிட்டால் பணம் கிடைக்காது. சாமானியரின் வீரத்தை அவர்கள் வெறுக்கவில்லை. அது கூட்டாக எழுந்து, கேள்வி கேட்டு, வெற்றியும் பெறுவதைத்தான் வெறுக்கிறார்கள்.

அதே பேனா, வேறு பணம்

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறோம். அதில் தமிழனின் எலும்பும் புதைந்து கிடக்கிறது.

இதே மைக்கேல் வில்சன், கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பெயர் போடாமல், கார்ல் ஃபோர்மனுடன் சேர்ந்து எழுதிய இன்னொரு படம் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. 1957-ல் வந்தது. இலங்கையில் எடுத்தார்கள். உலகமெங்கும் ஓடியது. திரைக்கதைக்கான ஆஸ்காரை, ஆங்கிலத்தில் எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியரின் கையில் கொடுத்தார்கள். வில்சன் 1978-ல் இறந்த பிறகு, 1984-ல்தான் அந்தப் பரிசு அவர் பெயருக்கு வந்தது.

கதை எதைப் பற்றியது? இரண்டாவது உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையைப் பற்றியது. அந்தப் பாதையில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளிகளோ எண்பதாயிரம், தொண்ணூறாயிரம், அதற்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்துக்கொண்டும் போகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பெயர் பொறித்த கல் கூட இல்லை. படத்தில் பாலம் கட்டுபவர்களாக யார் வருகிறார்கள்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள்! தமிழ்க் கூலி எங்கே? காணோம்.

அதே கதாசிரியர்தான். மனமும் அதே மனம். ஆனால் முதல் படத்துக்குத் தொழிலாளர் சபை எதிரே உட்கார்ந்து, இதை நீக்கு, இதைச் சேர் என்றது. இரண்டாவதற்கு ஹாலிவுட் பணமும், வெள்ளை அதிகாரியை நடுவில் வைத்த நாவலும் எதிரே இருந்தன. எழுதுகிறவன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, தோழர்களே. யாருக்குப் படித்துக் காட்டுகிறான், யார் திருத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடி நம் பக்கமும் விழுகிறது

இத்தோடு நிறுத்தினால் ஆண்கள் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். படத்தின் கூர்மையான அடி முதலாளியின் மேல் மட்டும் விழவில்லை. கதாநாயகன் ராமோன் மேலும் விழுகிறது.

ராமோன் வீரன். சுரங்கத்தில் மெக்சிகோ தொழிலாளியைத் தனியாக வெடி வைக்க விடக் கூடாது என்று முன்னால் நின்று போராடுகிறவன். ஆனால் வீட்டில் அவன் மனைவி எஸ்பெரான்சா, “வெந்நீரும் கழிப்பிட வசதியும் கோரிக்கையில் சேரட்டும்” என்றால், “முதலில் உயிர்ப் பாதுகாப்பு, உன் விஷயம் அப்புறம்” என்கிறான். தடை உத்தரவு வந்து அவள் மறியலுக்குப் போன பிறகு, சிறைக்குப் போன பிறகு, விறகு பிளப்பதும் துணி துவைப்பதும் குழந்தைக்குச் சோறூட்டுவதும் அவன் தலையில் விழுகிறது. அப்போது தெரிகிறது ஐயாவுக்கு, வெந்நீர்க் குழாய் சின்னக் கோரிக்கையா பெரிய கோரிக்கையா என்று! ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை, அவளை அடிக்கக் கை ஓங்குகிறான். முதலாளி தன்னை மிதிக்கிற அதே மாதிரி தன்னை மிதிக்கப் பார்க்கிறாயே என்று அவள் நிமிர்ந்து நிற்கிறாள்.

இது மெக்சிகோ வீட்டுக் கதை மட்டும்தானா? நமது ஆலையிலும் வயலிலும் பெண்ணின் கோரிக்கை பட்டியலில் எத்தனையாவதாக வருகிறது? நாற்று நடுகிறவளுக்குக் கூலி குறைவு என்றால், “ஆண் கூலி உயரட்டும், பிறகு பார்க்கலாம்” என்கிற தோழர்கள் இருக்கிறார்கள். ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, பிள்ளை விட இடமில்லை என்றால், “அது சில்லறை விஷயம், போனஸ் வரட்டும்” என்கிறார்கள். அப்படிச் சொல்லும் தோழருக்கு நாம் சொல்கிறோம்: எட்டு மாதம் ஆண்கள் நடத்திய போராட்டம் ஒரு துண்டுக் காகிதத்தில் முடிந்துபோக இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள், கோரிக்கைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள். பாதி வர்க்கத்தைச் சமையலறையில் பூட்டிவைத்துவிட்டு முழு வர்க்கத்தின் வெற்றியைக் கேட்பது, ஒற்றை மாட்டைப் பூட்டி இரட்டை ஏர் ஓட்டப் பார்ப்பது போலத்தான்.

என்ன செய்வது?

ஹோவர்டு ஹியூஸ் அடைக்கச் சொன்ன கதவுகள் எல்லாம் இன்று உளுத்துப்போய்விட்டன. அந்தப் படம் இப்போது கைபேசியிலேயே காசில்லாமல் பார்க்கக் கிடைக்கிறது. பாஷை புரியாவிட்டால் தெரிந்த ஒரு தோழர் பக்கத்தில் இருந்து காட்சிக்குக் காட்சி எடுத்துச் சொல்லட்டும். சங்க அலுவலகத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள தாய்மார்களையும் சகோதரிகளையும் அழைத்து வாருங்கள். முன் வரிசையை அவர்களுக்கு விடுங்கள்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலை உரக்கப் படியுங்கள். எதை நீக்க வேண்டும், எதை மேலே கொண்டுவர வேண்டும் என்று அந்த முன் வரிசை சொல்லட்டும். வில்சன் தமது காகிதத்தில் எழுதிக்கொண்டார் அல்லவா? நாமும் எழுதிக்கொள்வோம்.